கொள்ளிடக் கரையில் கூலி: திருவரங்கம், திருவானைக்கா, சமயபுரம் வழக்குகளில் ஊதியக் கோரிக்கை

ஆய்வுச்சுருக்கம்

திருவரங்கத் தீவையும் அதன் வடகரையையும் சார்ந்த கோயில் கதைகளில் வேலை செய்தவர்கள் கூலி கேட்கும் இடம் உண்டு. பக்தி நோக்கில் பயில்வோரும் பகுத்தறிவு நோக்கில் பயில்வோரும் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். திருமங்கையாழ்வார் மதில் கட்டிய கதை, திருவானைக்காவின் திருநீற்றான் மதில் கதை ஆகிய இரண்டையும் மதுரையின் பிட்டுக்கு மண் சுமந்த கதையோடு ஒப்பிட்டு, கூலிக் கோரிக்கை எவ்வாறு வேறொன்றாக மாற்றப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மாற்றம் பொன்மலைத் தொழிலாளர் நினைவிலும் சமயபுரம் முடிகாணிக்கைப் பணியிலும் தொடர்வதைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கூலி, ஊதியம், கோயிலொழுகு, திருநீற்றான் மதில், பொன்மலை, முடிகாணிக்கை, ஊக்கத்தொகை

முன்னுரை

தைப்பூச நாளில் சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருளுகிறாள். தென்கரையிலுள்ள திருவரங்கத்திலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. பட்டும் மாலையும் பழமும் மங்கலப் பொருள்களும் அண்ணன் அரங்கநாதர் தங்கைக்கு அனுப்புவன என்பது வழக்கு. வைணவப் பெருங்கோயிலையும் அம்மன் வழிபாட்டையும் உறவு முறையால் இணைக்கும் சடங்கு என்று இதனைப் பண்பாட்டாய்வாளர் விளக்குவர். அவ்விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் அதே ஆற்றைப் பற்றி வேறொரு கொடுக்கல் வாங்கல் கதையும் வழங்குகிறது. அக்கதையில் தென்கரையிலிருந்து புறப்பட்ட ஓடம் கரை சேரவில்லை. ஓடத்தில் இருந்தவர்கள் திருவரங்கத்து மதிலைக் கட்டிய தொழிலாளர்கள். அவர்கள் கேட்டது சீர் அன்று, கூலி.

தமிழில் தொழிலாளர் இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் புனைகதையிலிருந்து தொடங்குகின்றன. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', டி. செல்வராஜின் 'தோல்' என்று அவ்வரிசை செல்லும். ராஜம் கிருஷ்ணன் பிறந்தது காவிரிக் கரையிலுள்ள முசிறியில் என்பதால், இவ்வட்டாரத்தை ஆய்பவருக்கு அவ்வரிசை இன்னும் நெருக்கமானது. ஆனால் குறைந்த கூலி, மேலாளரின் கொடுமை, அளவுக்கு மீறிய வேலை ஆகியவற்றைப் பற்றிய குமுறல் நாவல் என்னும் வடிவத்தோடு பிறந்ததன்று. அதற்கு முன்பு அது எங்கே தங்கியிருந்தது? தலபுராணமும் ஆசாரியர் வரலாறும் அதற்கு இடமளித்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து. இடமளித்தன என்பதற்கு நீதி வழங்கின என்பது பொருளன்று.

ஓடத்தில் ஏறியவர்கள்

திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் செய்த திருப்பணி பற்றிய கதை வைணவக் குருபரம்பரை மரபிலும் திருவரங்கத்துக் கோயிலொழுகிலும் போற்றப்படுவது. வடிவங்களுக்குள் வேறுபாடுகள் உள்ளன. பொதுவான போக்கு பின்வருமாறு. ஆழ்வார் மதில் எழுப்பப் பொருள் தேடுகிறார். நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து வந்து உருக்குகிறார். திருப்பணி நிறைவேறுகிறது. வேலை செய்தவர்கள் கூலி கேட்கின்றனர். கையில் பொருளில்லை. ஆற்றுக்கு அப்பால் செல்வம் இருப்பதாகச் சொல்லி அவர்களை ஓடத்தில் ஏற்றுகின்றனர். நடு ஆற்றில் ஓடம் கவிழ்கிறது. இறந்தவர்களின் உறவினர் வந்து கேட்கும்போது, அவர்கள் வைகுந்தம் அடைந்துவிட்டனர் என்பது அரங்கன் அருளால் மெய்ப்பிக்கப்படுகிறது. மாண்டவர்களே பேசித் தாங்கள் நற்கதி பெற்றதைச் சொல்கின்றனர்.

இக்கதையைப் பற்றிய விவாதங்கள் பொன்னைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. பொன் புத்தர் சிலை உண்மையா, கற்பனையா, அது பௌத்த வைணவ மோதலைக் காட்டுகிறதா, திருட்டு எப்படிக் கைங்கரியமாகும் என்பனவே வினாக்கள். கண்டிப்போரும் காப்போரும் திருடப்பட்ட பொருளையே பேசினர். கொடுக்கப்படாத பொருளைப் பேசியவர் குறைவு. கதையின் கடைசிப் பகுதியை ஒரு தரப்பார் அருளின் சான்றாகவும் மறுதரப்பார் கொடுமையின் சான்றாகவும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கின்றனர். அப்பகுதியே மிக நிதானமாகப் படிக்க வேண்டியது.

முதலில் கவனத்திற்குரியது பெயர். ஆழ்வாருக்குத் துணைநின்ற நால்வர் பெயர்களை மரபு மறக்கவில்லை. நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலா வழக்கன் என்பன அவை. நால்வரும் தம் திறமையாலேயே பெயர் பெற்றவர்கள். நீரில் நடப்பது, பிறர் நிழலில் மறைவது, ஊதியே தாழைத் திறப்பது, வழக்கில் தோற்காதிருப்பது என்பன அத்திறமைகள். கதையின் ஒரு வடிவில் ஓடத்தைச் செலுத்திச் சென்று கவிழ்த்துத் தான் மட்டும் நீர்மேல் நடந்து மீள்பவன் முதலாமவன். ஆனால் கல் சுமந்தவன், கல் செதுக்கியவன், சுண்ணாம்பு அரைத்தவன் ஆகியோருள் ஒருவருக்கும் பெயரில்லை. அவர்களுடைய திறமையும் பெயராகவில்லை. இத்தனைக்கும் கதைக்குக் காரணமான மதில் அவர்களுடைய திறமையால் நின்றது. ஆழ்வாரின் பெயரால் ஆலிநாடன் திருச்சுற்று என்று வழங்குவதும் அதுவே.

இரண்டாவது, மதில் வளைந்த இடம். ஆழ்வார் மதில் கட்டும்போது தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கிட்டது என்றும், அதனை அழிக்க மனமின்றி மதிலை விலக்கிக் கட்டினார் என்றும் அதே மரபு சொல்கிறது. அடியார் ஒருவரின் பூந்தோட்டத்துக்காகக் கல்மதில் வளைகிறது. மரபு இதனை ஆழ்வாரின் மென்மைக்குச் சான்றாக நெகிழ்ந்து கூறும். நெகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், யாருடைய உழைப்பு கைங்கரியமாகவும் யாருடைய உழைப்பு வெறும் வேலையாகவும் கொள்ளப்பட்டது என்பது விளங்கும். பூக்கொய்தவர் அடியார். கல் சுமந்தவர் கூலியாள். அடியாரின் தோட்டத்திற்கு இழப்பு வரக்கூடாது. கூலியாளுக்கு இழப்பு வந்தால் அதனை நற்கதியாக மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, கதைக்குள் கூலிக் கோரிக்கை தவறென்று சொல்லப்படவில்லை. தொழிலாளர் பேராசைக்காரர் என்றோ வேலையில் குறைவைத்தவர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம் என்பதைக் கதை மறுக்காமல் ஒப்புக்கொள்கிறது. மறுத்திருந்தால் ஓடம் தேவையில்லை.

நான்காவதாக வருவது உறவினரின் வருகை. இதுவே இக்கட்டுரைக்கு மிக முக்கியமான இடம். ஆழ்வாரின் பெருமை ஒன்றே நோக்கமாயின் கதை மதில் நிறைவேறியதோடு நின்றிருக்கலாம். கூலி கேட்டவர்கள் ஆற்றில் போயினர் என்பதை எந்தத் தேவையுமின்றி ஒரு பக்தி நூல்மரபு தன் மேல் ஏற்றிக்கொள்ளாது. உறவினர் வந்து கேட்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியிருக்கிறது என்றால், கேள்வி கதைக்கு வெளியே ஊரில் இருந்தது என்றே கொள்ள வேண்டும். பெரிய மதில்களைப் பார்க்கும் ஒவ்வொரு தலைமுறையும் கட்டியவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கும். அக்கேள்விக்கு விடையாகவே இக்கதையின் இறுதிப்பகுதி அமைந்துள்ளது. இது வரலாற்றுச் சான்று அன்று. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஓடம் கவிழ்ந்தது என்று இதனைக் கொண்டு நிறுவ முடியாது. கூலி கொடுக்கப்படாமை ஒரு பெருங்கோயிலின் நினைவில் விடை வேண்டி நின்ற கேள்வியாக இருந்தது என்பதை மட்டும் நிறுவலாம். அதுவே போதுமானது.

விடையின் தன்மையையும் நேர்மையாக மதிப்பிட வேண்டும். வைணவ இறையியலில் வைகுந்தப் பேறு எக்கூலியினும் உயர்ந்தது. பொன் தீரும், பேறு தீராது. அந்நோக்கில் ஆழ்வார் ஏமாற்றவில்லை, கேட்டதைவிடப் பெரியதைக் கொடுத்தார். கதையைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் இதனை நம்பினர் என்பதைப் புறக்கணித்துவிட்டு எழுதப்படும் திறனாய்வு கதையையே புறக்கணிப்பதாகும். ஆனால் அதே இறையியல் பேற்றுக்கு விருப்பத்தையும் சரணாகதியையும் வேண்டுகிறது. ஓடத்தில் ஏறியவர்கள் சரணடைந்தவர்கள் அல்லர். கூலி வாங்கப் போனவர்கள். அவர்கள் சார்பில் வேறொருவர் பேற்றைத் தேர்ந்தெடுத்தார். இறந்தவர்கள் பேசியபின் உறவினர் அமைதியுற்றனர் என்கிறது கதை. அவர்கள் வீட்டில் அன்று உலை வைத்தது எதனால் என்று கதை சொல்வதில்லை.

ஊர் வழக்கு இவ்விடத்தில் தன் தீர்ப்பை ஆற்றின் பெயரில் எழுதிவிட்டது. கொள்ளிடம் என்பது 'கொல்லிடம்' என்பதன் திரிபு என்று திருச்சி வட்டாரத்தில் இன்றும் விளக்கம் சொல்வோர் உண்டு. சொற்பிறப்பியல் நோக்கில் இது தவறு. காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே பொருந்தும். கதையாய்வு நோக்கிலோ இத்தவறு மதிப்புமிக்கது. நூல்மரபு வைகுந்தத்தில் முடித்த கதையை, வாய்மொழி ஆற்றிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

நீறு பொன்னான மதில்

திருவரங்கத்திலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் திருவானைக்கா உள்ளது. அங்கும் மதில் உண்டு, கூலிக் கதையும் உண்டு. வெளிச்சுற்று மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்பது பெயர். விபூதிப் பிராகாரம் என்றும் வழங்கும். சிவபெருமான் சித்தர் வடிவில் வந்து மதில் வேலையை நடத்தினார் என்றும், மாலையில் கூலியாக ஒவ்வொருவருக்கும் திருநீறு கொடுத்தார் என்றும், அந்நீறு அவரவர் செய்த வேலையின் அளவுக்கு ஏற்பப் பொன்னாயிற்று என்றும் தலபுராண மரபு கூறுகிறது.

இக்கதையைத் திருநீற்றின் மகிமை பற்றியதாகவே படிப்பது வழக்கம். அதில் ஒரு சொற்றொடர் தனியே நிற்கிறது. 'வேலையின் அளவுக்கு ஏற்ப' என்பதே அது. அற்புதத்தைக் காட்ட நீறு பொன்னானது என்று சொன்னாலே போதும். எல்லார்க்கும் ஒரே அளவு பொன் கிடைத்திருந்தால் அற்புதம் குறைந்துவிடாது. ஏன் அளவு வருகிறது? கேட்பவர்களின் அச்சம் அளவைப் பற்றியது என்பதால் வருகிறது. கூலி கிடைக்குமா என்னும் அச்சத்திற்கு அடுத்து நிற்பது, தான் செய்ததற்குத் தக்க கூலி கிடைக்குமா என்பது. கூலியைக் குறைத்துக் கணக்கெழுதும் மேற்பார்வையாளனும், ஒருவன் வேலையை இன்னொருவன் பேரில் ஏற்றுபவனும் இல்லாத வேலைக்களத்தையே இக்கதை கற்பனை செய்கிறது. அங்கே மேற்பார்வையாளன் கடவுள். அளப்பவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எனவே முறையீடும் இல்லை.

ஆனால் நீறு பொன்னாவதற்கு முன் ஒரு கணம் உண்டு. நாள் முழுவதும் கல் சுமந்தவன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சாம்பல் இருக்கிறது. கதை அக்கணத்தில் நிற்பதில்லை. தொழிலாளி என்ன நினைத்தான் என்று சொல்வதில்லை. அவன் சினந்தான் என்றால் பொன் அவனுக்குக் கிடைத்திருக்குமா? இக்கதையின் நீதி முழுமையானது, ஆயின் வாய் திறவாதவனுக்கே அது உரியது. திருவரங்கத்தில் கேட்டவர்கள் இறந்தனர். திருவானைக்காவில் கேளாதவர்கள் பெற்றனர். ஒரு தீவின் இரு கோயில்களில் வழங்கும் கதைகள் ஒரே பாடத்தை இரு பக்கங்களிலிருந்து சொல்வது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சேர்த்துப் படிக்கத் தகுந்த தற்செயல் அது.

பிரம்படி

இவ்விரண்டோடும் ஒப்பிட வேண்டியது மதுரைக் கதை. வட்டாரம் வேறாயினும், கூலியாளின் உடலை நடுவில் வைத்துப் பேசும் தமிழ்ப் புராணக் கதை அதுவே என்பதால் இங்கு விலக்க இயலாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆம் படலமாக வரும் இக்கதைக்கு அவருக்கு முந்தைய வரலாறு உண்டு. திருவாசகத்தின் திருவம்மானையிலேயே மண் சுமந்ததும் அடிபட்டதும் குறிக்கப்படுகின்றன. கூலி என்னும் சொல்லும் அங்கேயே வருகிறது.

வையை பெருகுகிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து கரையடைக்க வேண்டும் என்பது அரசாணை. ஆளில்லாத முதியவள் வந்திக்குப் பங்கு தவறாமல் அளக்கப்படுகிறது. இது கூலி வேலை அன்று, கட்டாய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று வரும் ஊதியமில்லா உழைப்பின் இனத்தைச் சார்ந்தது. (இன்று வீண் வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். கூலி இல்லாத வேலை எப்படிப்பட்டது என்பதைப் பேச்சுமொழி மறக்கவில்லை.) அரசன் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. வந்தி மட்டும் தன்னிடமிருந்த உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொடுக்கிறாள். கூலியாள் பிட்டைத் தின்கிறான், ஆடுகிறான், உறங்குகிறான். கரை அடைபடவில்லை. கண்காணிகள் அரசனிடம் சொல்கின்றனர். அரசன் பிரம்பால் அடிக்கிறான். அடி எல்லா உயிர்மேலும் விழுகிறது.

இறைவன் எளிவந்த தன்மை என்று இதனை விளக்குவர். அவ்விளக்கம் ஒரு நுட்பத்தைத் தவறவிடுகிறது. கூலி கொடுத்தவள் முறையிடவில்லை. அவளே உண்மையில் வேலை கொடுத்தவள், இழப்பும் அவளுக்கே. அடித்தவனோ கூலி கொடாதவன். கொடுக்காதவனுக்கே அடிக்கும் உரிமை இருக்கிறது என்பதைக் கதை ஒரு காட்சியாக்கி நிறுத்துகிறது. மேலும் திருவரங்கத்துக் கதையில் தொழிலாளியின் சாவு பிறர் ஒருவர் உடலையும் தொடுவதில்லை. இங்கே ஒரு கூலியாள் மேல் பட்ட அடி அடித்தவன் முதுகிலும் படுகிறது. ஆனால் அதற்கு அவன் சிவனாக இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கரையில் அன்று அடிபட்ட மற்றக் கூலியாட்கள் இருந்திருந்தால், அவர்கள் அடி அவர்களுடனே நின்றிருக்கும். இவ்வரம்பைச் சுட்டாமல் இக்கதையைத் தொழிலாளர் சார்புக் கதை என்று கொண்டாடுவது மிகை.

பங்கு, கூலி, ஊதியம்

கதைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் கல்வெட்டுகள் நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட நீண்ட பட்டியல், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் முதலாக நாவிதர், வண்ணார், தையற்காரர், தச்சர் ஈறாகப் பணியாளர்க்குரிய பங்கை வரையறுக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் 100 கலம். பணியாளர் இறந்தால் அவ்விடத்திற்கு அடுத்த உறவினர் வருவதற்கும் விதி உண்டு. இதனைப் பொற்காலம் என்று மயங்க வேண்டியதில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்பதிலேயே ஏற்றத்தாழ்வு வெளிப்படை. ஆயினும் நாவிதர்க்கு உரியது கல்லில் எழுதப்பட்டது என்னும் செய்தியை நினைவில் வைக்க வேண்டும். சமயபுரத்திற்கு வரும்போது அது தேவைப்படும்.

சொற்களின் வரலாறும் ஒரு குறிப்பை வேண்டுகிறது. திருக்குறளில் 'கூலி' உடல் வருத்தத்தோடு சேர்ந்து வருகிறது (619). 'ஊதியம்' அங்கே கூலி அன்று, ஆதாயம். முதல் இல்லாதவர்க்கு அதனால் வரும் ஆதாயம் இல்லை என்னும் கருத்தில் அச்சொல் வணிக வழக்காகவே நிற்கிறது (449). முதல் உடையவனுக்கு உரியதாக இருந்த சொல், இன்று முதல் இல்லாதவன் மாத முடிவில் பெறுவதைக் குறிக்கிறது. 'கூலி' தாழ்ந்தது, 'ஊதியம்' அதன் இடத்திற்கு வந்து அதனை மதிப்பாக்கியது. இவ்வுயர்வு மொழிக்கு நல்லதே. ஆனால் பெயர் உயரும்போதெல்லாம் தொகை உயர்ந்ததா என்று பார்ப்பது ஆய்வாளர் கடன். தொகுப்பூதியம், மதிப்பூதியம் ஆகிய சொற்கள் பல்கலைக்கழக வளாகங்களில் என்ன செய்கின்றன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. கௌரவ விரிவுரையாளர் என்னும் பெயரில் கௌரவம் முன்னால் நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு உச்ச அளவு 50,000 ரூபாய் என வகுத்தது. அதனை நடைமுறைப்படுத்துமாறு தமிழ்நாட்டின் கௌரவ விரிவுரையாளர்கள் பல முறை போராட்டக் களத்திற்கு வந்துள்ளனர். சாம்பல் உள்ளங்கையில் இருக்கும் கணம் கல் சுமப்பவனுக்கு மட்டும் உரியதன்று.

பொன்மலை

இத்தீவுக்குத் தெற்கே, திருச்சியின் விளிம்பில், கூலிக் கேள்வி கதையாகாமல் கோரிக்கையாகவே எழுந்த இடம் பொன்மலை. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கு மாற்றப்பட்டது. ஆழ்வார் கதையில் பொன் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. இப்போது வேலை அங்கிருந்து வந்தது. மாற்றத்தோடு ஆட்குறைப்பு வந்தது. 3,000க்கும் மேற்பட்டோர் வேலையிழக்கும் நிலை உண்டாயிற்று. இருப்பவர்களின் திறமையைத் தேர்வு வைத்துச் சோதிக்கும் முறை புகுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் செய்துவந்த வேலையை மேலாளர் முன் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும் என்பது கூலிக் குறைவைவிட ஆழமான அவமதிப்பாக உணரப்பட்டிருக்க வேண்டும். 1928 சூலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத்தண்டனை பெற்றனர்.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் மலபார் சிறப்புக் காவற்படையின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். தங்கவேலு, ராஜு, ராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி, தியாகராஜன் என்பது அவர்கள் பெயர். கொள்ளிடக் கதையோடு ஒப்பிட இதுவே முதல் வேறுபாடு. இங்கே பெயர் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் அப்பெயர்கள் சொல்லப்படுகின்றன.

ஆயினும் ஒரு வினாவை எழுப்பாமல் விடுவது நேர்மையாகாது. நினைவேந்தலின் சொல் 'தியாகி' என்பது. தியாகம் என்பது கொடுத்தல். பொன்மலைத் தொழிலாளர் கொடுக்க வந்தவர்கள் அல்லர், கேட்க வந்தவர்கள். போர் முடிந்த ஆண்டுகளில் இந்திய இரயில்வே முழுவதும் விலையேற்றமும் ஆட்குறைப்பு அச்சமும் பஞ்சப்படிக் கோரிக்கையும் நிறைந்திருந்தன. தியாகி என்னும் சொல் ஏற்படுத்தும் ஒளியில் அக்கோரிக்கைகள் மங்குகின்றன. என்ன கேட்டார்கள் என்பதைவிட எப்படி இறந்தார்கள் என்பது நிலைக்கிறது. வைகுந்தமும் தியாகமும் ஒன்றல்ல. ஒன்று கொன்றவர் தரப்பின் விடை, மற்றது இழந்தவர் தரப்பின் மதிப்பு. இரண்டும் கூலிக் கணக்கை மூடிவிடும் இடத்தில் மட்டும் ஒத்திருக்கின்றன. இடதுசாரி மரபின் நினைவெழுத்தை அனுதாபத்தோடு படிப்பவரே இதனைச் சொல்ல வேண்டும்.

வந்தியை நினைவூட்டும் ஒருவர் இவ்வரலாற்றில் உண்டு. பின்னாளில் திருவெறும்பூர்த் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான பாப்பா உமாநாத்தின் தாயார், கணவரை இழந்தபின் பொன்மலைக்கு வந்து, தொழிலாளர்களுக்கு உணவு சமைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளரிடம் காசில்லை என்றால் சமைப்பவரிடமும் காசில்லை. கூலிக் கோரிக்கையின் பொருளியலை அடுப்படியிலிருந்து எழுதும் ஆய்வு இன்னும் விரிவாக வரவேண்டும்.

முடிமண்டபம்

சமயபுரம் கொள்ளிடத்தின் வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது. மாரியம்மனின் திருவுருவம் முன்பு திருவரங்கத்தில் இருந்தது என்றும், அதன் உக்கிரத்தால் வெளியேற்றப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்டது என்றும் தலவழக்கு கூறும். ஆற்றைக் கடந்து அவளைச் சுமந்து வந்தவர்களுக்கும் பெயரில்லை. மாசி இறுதியில் பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் அம்மன் பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி இருக்கிறாள். துள்ளுமாவும் இளநீரும் பானகமும் நீர்மோருமே படையல். பிறர்க்காகப் பசித்திருக்கும் தெய்வம் என்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு.

அப்பட்டினி நாள்களிலும் சித்திரைத் தேரின்போதும் நடைப்பயணமாக வருவோர் பெருந்திரளாக முடிகாணிக்கை செலுத்துவர். முடி இறக்குபவர் குனிந்த முதுகோடு தலைக்குப் பின் தலையாக வேலை செய்கிறார். காணிக்கை என்னும் சொல் பக்தருக்கும் தெய்வத்திற்கும் இடையிலானது. முடி கோயிலைச் சேர்ந்து ஏலத்தில் வருவாயாகிறது. இடையில் கத்தி பிடித்தவரின் உழைப்பு அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. முன்பு பக்தர் வாங்கும் கட்டணச் சீட்டிலிருந்தே அவருக்குரியது கணக்கிடப்பட்டது. 2021இல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக் கட்டணம் நீக்கப்பட்டது. வருவாய் இழக்கும் பணியாளர்க்கு மாதம் 5,000 ரூபாய் 'ஊக்கத்தொகை' அறிவிக்கப்பட்டது.

ஏழைப் பக்தர் நோக்கில் இது வரவேற்கத்தக்க முடிவு. பணியாளருக்கு நிலையான ஒரு தொகை கிடைப்பதும் முன்னேற்றமே. சொல்லைத்தான் ஆராய வேண்டும். ஊக்கத்தொகை என்பது ஊதியத்திற்கு மேல் தரப்படுவது. அடியில் ஊதியம் என ஒன்று இருக்கும்போதுதான் அச்சொல் பொருள்படும். இங்கே ஊக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஊதியம் போதவில்லை என்று முறையிடலாம். ஊக்கம் போதவில்லை என்று முறையிடுவது எப்படி? கட்டணமில்லை என்ற நிலையில் பக்தர் தாமாக நீட்டும் நோட்டை வாங்கினால் அது குற்றம், வாங்காவிட்டால் நாளின் உழைப்புக்கு அளவே இல்லை. திருவானைக்காச் சித்தர் குறைந்தது வேலையை அளந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் நாவிதரின் பங்கு பங்கு என்றே எழுதப்பட்டது. தனக்குரியது என்னும் உரிமைப் பொருள் அச்சொல்லிலேயே உண்டு.

தைப்பூசத்தன்று ஆற்றைக் கடந்து வரும் சீர் அண்ணன் கொடுப்பதால் அளவு கேட்கப்படுவதில்லை. தங்கை கணக்குப் பார்ப்பதில்லை. கோயில் சார்ந்த உழைப்புக்கான கொடையும் படிப்படியாகச் சீரின் இலக்கணத்தைப் பெற்றுவிட்டதா என்பதைக் கோயில் வரவுசெலவுத் தலைப்புகளைக் கொண்டும் களப்பணியைக் கொண்டும் ஆராயலாம். முடி இறக்கும் பணியாளர்கள் தங்களுக்கு வரும் தொகையைத் தமக்குள் எந்தப் பெயரால் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அக்களப்பணியின் முதல் வினாவாக இருக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு ஊர் வைத்த பெயரைப் போல, அதுவும் ஆவணத்தில் இல்லாத ஒரு சொல்லாக இருக்கக்கூடும்.